எதிர்வீட்டைப் பற்றி நான் சொன்னது

அன்புத் தங்கைக்கு,

எதிர்வீட்டு அக்கா எழுதுகிறேன். அங்கே எல்லோரும் சுகம்தானே? எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லை. போன் செய்தால், "நல்லா இருக்கோம்க்கா, அடுப்புல வேலை" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையாவது முழுசாகப் படி.

தெருவைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. மெக்கானிக் ஷெட் இருந்த இடத்தில் காபிக்கடை வந்திருக்கிறது. விலையைக் கேட்டதும் எனக்குக் காபி ஆசையே விட்டுப்போயிற்று. நம் மாடியில் பிள்ளைகள் சத்தம் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரோடு பேசுகிற இளசுகள். கிழிசல் தைக்க என்னிடம் யார் வருகிறார்கள்? வாங்கும்போதே கிழிந்திருக்கிற பேண்ட்டுக்கு என்னடி தையல்?

உன் வீட்டில் இப்போது ஒரு இளம் தம்பதியும் ஒரு நாயும். நாய்க்கு ஸ்வெட்டர் தைத்துக் கொடுத்தேன், சிரிக்காதே. முதலில் அந்தப் பெண்ணைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது, நீ நின்ற ஜன்னலில் அவள் நிற்கிறாளே என்று. பாவம், அவள் என்ன செய்வாள்? அவளுக்கும் வாடகை கழுத்தை நெரிக்கிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். திட்டுவதென்றால் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

தெருமுனையில் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டுகிறார்கள். அதில் முப்பது வீடுகள், வாடகை ஏறியதால் இந்தப் பகுதியை விட்டுப் போனவர்களுக்கு. போன மாதம் நகராட்சியிலிருந்து ஒருவர் கணக்கெடுக்க வந்தார். எதிர்வீட்டில் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. நீ எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனதையே நானும் சொன்னேன், "சொந்த வீடு வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்று. அதோடு என் வாய் சும்மா இருந்ததா? மாடிவீடு, முன்னால் தோட்டம் என்று அளந்துவிட்டேன். வெளி ஆள் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று அந்த வீடுகள் யாருக்கு என்று பட்டியல் ஒட்டினார்கள். உன் பெயர் இல்லை. பார்த்துவந்து சொன்னவளே அந்தப் பெண்தான். உனக்கு வரும் தபாலையெல்லாம் எடுத்துவைப்பதால் உன் பெயர் அவளுக்கு மனப்பாடம். "இவங்க பேரு ஏன் ஆன்ட்டி இல்ல?" என்று கேட்டாள். அந்த ஆள் கணக்கெடுத்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று காலையே நகராட்சி ஆபீசுக்குப் போய், நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அங்கிருந்த அம்மாள் கோபப்படவில்லை. "நீங்க சொன்னா செல்லாதும்மா, போனவங்களே வந்து சொல்லணும்" என்றார். வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். வாடகை கட்ட முடியாமல்தான் போனோம் என்று நீ நேரில் வந்து உன் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் உன் அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருப்பதும் எட்டு மாதமாகத் தெரியும். மூத்தவள் சீருடையை இறக்கித் தைத்துக்கொள்ள வந்தபோது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருகிற பிள்ளை, நான் தைத்து முடிப்பதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். நீயாகச் சொல்லட்டும் என்று நானும் தெரியாதவள்போல் இருந்துவிட்டேன். அதுதான் உனக்குத் தரும் மரியாதை என்று நினைத்தேன். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! அன்றைக்கே பஸ் ஏறி வந்து உன்னைப் பார்த்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிடு. பழைய வாடகைச் சீட்டுகளை எடுத்துக்கொள். உன் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு பஸ் டூட்டி இருந்தால் நீ மட்டும் வா, ஒருவர் கையெழுத்தே போதுமாம். நானும் உன்னோடு உள்ளே வருவேன். வார்த்தை வரவில்லையென்றால் என் கையை அழுத்து. நான் ஆரம்பிக்கிறேன், நீ முடித்துவிடு.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உங்களுக்கென்று ஒரு கதவும் பூட்டும் கிடைக்கட்டும். வராமல் மட்டும் இருந்துவிடாதே, கண்ணு. இனி யார் வந்து கேட்டாலும் உன்னைப் பற்றி நல்லதாக ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா