தானாக வந்த விண்டோஸ்

இன்று காந்திபுரத்துக் கடையில் என் புது லேப்டாப்பைப் போட்டுக் காட்டினார்கள். விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களும் வந்ததும் உங்கள் நினைவு வந்தது, டீச்சர். கூடவே பழைய பொறாமையும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்படியொரு லேப்டாப் நம் பள்ளி ஆசிரியர்களில் வேறு யாரிடம் இருந்தது? விளையாடுவதற்கென்றே செய்தது என்று உங்கள் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். எனக்கும் ஒரு தம்பி உண்டு. ஈரோட்டிலிருந்து மஞ்சள் கொண்டுவருவான்.

சனிக்கிழமை சோமனூரில் பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். மாற்றி மாற்றிக் கார் பந்தயம் ஓட்டுவோம். வாரம் முழுவதும் நான் காத்திருந்தது அதற்குத்தான். பிறகு, ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸையும் ஏற்றினீர்கள்.

எங்கள் ஊரில் அண்ணனும் தம்பியும் ஒரே தறிக்கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். உங்கள் லேப்டாப்பும் அப்படித்தான் ஆனது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பாதிதான் ஓடும். நீங்களோ லினக்ஸ் பாதியை விட்டு வருவதேயில்லை. நான் காபி டம்ளரோடு பார்த்துக்கொண்டிருப்பேன். இனி நம் சனிக்கிழமை அவ்வளவுதானா என்று வயிறு எரியும்.

"ஏனுங்க டீச்சர், அதுல ஒரு காரு உண்டா, ரோடு உண்டா? வெறும் எழுத்தா ஓடுதுங்களே!"

"சக்களத்தி வந்தாப்புல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்களே அம்மணி!" என்று சிரித்தீர்கள்.

லேப்டாப்பைப் போட்டதும் நீங்கள் விசைப்பலகை மேல் பாய்வீர்கள். "இருங்க, இத இப்பப் புடிக்காட்டி போயிரும்." சில நொடிகளுக்குள் லினக்ஸ் என்று அடிக்க வேண்டும். தவறினால் விண்டோஸ் தானாக வந்துவிடும். அப்படித் தவறும்போதெல்லாம் எனக்குக் கொண்டாட்டம்.

"பாத்தீங்களா, உங்க பொட்டிக்கே என்ற விண்டோஸத்தான் புடிச்சிருக்குது!"

"அப்படியே இருக்கட்டுங்க" என்று மறுபடி அணைத்துப் போடுவீர்கள். சில நாள் அணைக்காமலே விட்டுவிட்டு, "சரி, காரை எடுங்க அம்மணி" என்பீர்கள்.

இன்று கடைக்காரர் சொன்னார்: "ரெண்டையும் ஏத்துனா லினக்ஸ்தானுங்க தானா வரும். விண்டோஸ் மொதல்ல வரோணும்னா நாமதான் மாத்தி வெக்கோணும். மாத்திப்போடட்டுங்களா?"

தொண்ணூறுகளிலும் அப்படித்தானா என்று கேட்டேன். அப்போதும் அப்படித்தானாம்.

உங்கள் லேப்டாப், உங்கள் வீடு. முதலிடத்தை மட்டும் எனக்கு எழுதி வைத்துவிட்டு, உங்களுடையதை ஒவ்வொரு முறையும் பாய்ந்து பிடித்திருக்கிறீர்கள். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. இப்போது அந்த மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான், டீச்சர்.

"மாத்த வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். உங்களுடையது தானாக வந்தது. என்னுடையதைப் பிடிக்க இனி நான்தான் பாய வேண்டும். வயதாகிவிட்டது, பாதி நாள் தவறிவிடும்.