மரவட்டில் பட்ட எண்ணெய்

10-1-1956, செவ்வாய்

ஹார்பரில் மூன்றாம் நம்பர் கிரேன் இன்றும் மக்கர். என் முதுகு கழன்றுவிட்டது. சாயங்காலம் ராயபுரம் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் கூட்டாளி பஷீர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். மரவாடி முதலாளியின் மகன் மனோகரன் தன் காரை விட்டுப்போக வந்திருக்கிறான். யுத்தத்துக்கு முந்தைய இரண்டு சீட்டு ரேஸ் கார், ஊர் திரும்பிய வெள்ளைக்காரனிடம் வாங்கியது. அடுத்த மாதம் சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயமாம். "ஜெயிக்கறது அப்புறம்ண்ணே. மேடு வந்தா தூக்கிப் போடுது. பயமா கீது" என்றான். பயத்தை ஒத்துக்கொள்ளும் பணக்காரப் பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். பிடித்துப்போனது.

சக்கரமும் பிரேக்கும் பஷீர் பொறுப்பு, மற்ற இரும்பெல்லாம் நான். ஹார்பர் வேலை முடிந்து இங்கே வந்து உட்கார ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

17-1, செவ்வாய்

பம்பாயிலிருந்து பார்சல் வந்தது. புது ஷாக் அப்சார்பர், நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புக் கை, அவை சேரும் இடத்தில் அடுக்கடுக்காக மரவட்டுகள், மேலே எண் போட்ட முகம், ஒரு முள். நட்டை முறுக்கினால் வட்டுகள் உரசிப் பிடித்துத் துள்ளலை அடக்கும். தளர்த்தினால் மெத்தென்று போகும். வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரன் எவனோ யோசித்திருக்கிறான்.

பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு காகிதம். படித்துக் காட்டட்டுமா என்றான் மனோகரன். "இருபத்தாறு வருசமா கிரேன் பாக்கறவனுக்குக் காகிதம் இன்னாத்துக்குப்பா?" என்று என் டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினேன்.

24-1

வண்டிச் சட்டத்தில் ஓட்டைகள் ஒத்துவரவில்லை. பட்டை இரும்பை வளைத்து நானே பிடிப்பு செய்தேன். கை வெந்தது. எல்சி தேங்காயெண்ணெய் தடவிவிட்டுத் திட்டினாள். பெண்டாட்டி திட்டாத நாளில்தான் எனக்குச் சோறு இறங்காது.

31-1, செவ்வாய்

எர்ணாவூர் வரை ஓட்டிப் பார்த்தோம். முள் மூன்றில் இருந்தபோது பின்பக்கம் இன்னும் அலைந்தது. ஐந்தில் வைத்தோம். ரயில்வே கேட்டில் ஒரே ஒரு குலுக்கு, அப்புறம் சத்தமே இல்லை. மனோகரன் ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். "இப்ப பயம் இல்லண்ணே." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் மறைக்க வேண்டும்?

4-2, சனி

நாளைக்குப் பந்தயம். பஷீர் சக்கரங்களை முடுக்கிவிட்டு என்னையும் ஒரு தரம் முடுக்கிப் பார்க்கச் சொன்னான். அசையவில்லை. கடைசியாக அடிப்பக்கம் முழுக்கத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு ஷெட்டைப் பூட்டினேன்.

5-2

மனோகரன் செத்துப்போனான்.

7-2

மூன்றாவது சுற்று. தளத்தின் நடுவே ஒரு மேடு. முதல் இரண்டு தரமும் தாண்டினான். மூன்றாம் தரம் துள்ளியது, அடங்கவில்லை, மறுபடி துள்ளியது, குறுக்கே திரும்பிப் போய்ப் பனைமரத்தில் — நான் ஓடினேன். பஷீர் எனக்கு முன்னால் ஓடினான். மரத்தில் மோதியதில் முன்சக்கரம் கழன்று தனியாகக் கிடந்தது. எல்லார் கண்ணிலும் அதுதான் பட்டது. "சக்கரத்தை ஒழுங்கா மாட்டலடா பாவி!" என்று மனோகரனின் அப்பா பஷீர் சட்டையைப் பிடித்தார். போலீஸ் அவனைக் கூட்டிப்போனது. இன்னும் விடவில்லை.

9-2

ஸ்டேஷன் பின்னால் வண்டி கிடக்கிறது. கேட்டுக்கொண்டு பார்த்தேன். மரவட்டில் விரல் வைத்தேன். வழுக்கியது.

நான்தான். சனிக்கிழமை நான்தான். கடலோரத்து இரும்பை ஒரு ராத்திரி எண்ணெய் போடாமல் விட்டால் துரு பிடிக்கும், ஹார்பரில் முதல் நாளே கையில் ஏறிய பழக்கம். நட்டுக்கு, கைக்கு, கூடவே வட்டுக்கும். யோசிக்கவே இல்லை. உரசிப் பிடிக்கிற இடத்தில் போய் எண்ணெய் விட்டிருக்கிறேன். ஓடஓட ஊறி இறங்கியிருக்கிறது.

கைக்குட்டையை எடுத்து நாலிலும் வட்டுகளைத் துடைத்தேன். எதுக்குடா துடைச்சே?

ஷெட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்த அந்தக் காகிதத்தை எடுத்து வீட்டுக்கு வந்து எல்சியிடம் கொடுத்தேன். கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள். முதல் வரியே அதுதான்: வட்டுகளில் எண்ணெய் படவே கூடாது. படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

12-2, ஞாயிறு

பஷீர் மனைவி ஜன்னத் வந்தாள். "அவரு கை வச்ச நட்டு என்னிக்காவது லூசா இருந்துகீதா, நீங்களே சொல்லுங்கண்ணே. ஸ்டேசன்ல போட்டு அடிக்கிறாங்க. நீங்க ஹார்பர் ஆளு, நீங்க சொன்னா நம்புவாங்க." சொல்கிறேன் என்றேன். தெருவில் எங்கள் ஷெட்டுக்குக் கொலைகார ஷெட்டு என்று பேர் வைத்தாகிவிட்டது.

15-2, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். சுவாமியார் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லு என்பார். வேறென்ன சொல்வார்?

17-2

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். சத்தியமாக.

சக்கரம் இறுக்கமாக இருந்தது, நானே முடுக்கிப் பார்த்தேன் என்றேன். இன்ஸ்பெக்டர் எழுதினார். "அப்ப இன்னாய்யா ஆச்சு?" பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வேலை போகும், ஜெயில், எல்சி, இரண்டு பெண் பிள்ளைகள் — வாய் தானாகப் பேசியது. "பையன் வேகம் சார். மேட்டுல மெதுவா போன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேக்கல."

நான் சொல்லவேயில்லை. மேட்டில் மெதுவாகத்தான் போவேன் என்று எனக்குச் சொன்னவன் அவன். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்று நினைத்துவிட்டேன். தூ.

20-2

பஷீரை விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "உன்னாலதான் மாமு வூடு வந்து சேந்தேன்." அடித்த அடியில் அவனுக்கு இடது காது கேட்கவில்லை. வலது பக்கம் போய் நின்று பேச வேண்டியிருக்கிறது.

4-3, ஞாயிறு

ஜன்னத் பிரியாணி கொடுத்தனுப்பினாள். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். கோயில் பூசையில் நன்மை வாங்கி ஒரு மாதமாகிறது. எல்சி அதையும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை.

19-3, திங்கள்

மனோகரனின் அப்பா ஷெட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இருக்கிறார். பஷீரிடம், "கோவத்துல கை வச்சுட்டேன், மனசுல வச்சுக்காதப்பா" என்றார். பஷீர் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கப் போனான்.

"தறுதலை" என்றார் என்னிடம். "வேகம் வேகம்னு கொழுப்பெடுத்துப் போய்ச் செத்தான். அவங்கம்மா மாட்டின அவன் படத்த நான்தான் கழட்டிப் போட்டேன். பெத்தவங்கள நெனச்சானா மேஸ்திரி? இனிமே அவன் பேர வூட்ல எடுக்கக் கூடாதுன்னுட்டேன்."

நான் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நீ அவ்வளவு சொன்னியாமே. கேக்கலையாமே."

"வயசு அப்படிங்கய்யா" என்றேன்.

"எடுத்துச் சொல்ல நீ ஒருத்தனாவது இருந்தியே. புள்ளகுட்டியோட நல்லா இருப்பா" என்று எழுந்து நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.