மீதி நேரம்

வாஷிங்டன்
பிப்ரவரி 11, 1986

அன்புள்ள வெர்னனுக்கு,

நான் நலம். முழங்கால் வலி தேவலையா? தைலத்தைத் தடவுகிறீர்களா, அலமாரியில் அழகு பார்க்கிறீர்களா?

நேற்று பிரதிநிதிகள் சபையில் பால் விலை மசோதா மீது பேச எழுந்தேன். அவைத் தலைவர், "அடுத்து விஸ்கான்சின் மாநிலக் கனவான்" என்று அழைத்தார். "பதினெட்டு வருஷமா பாவாடை கட்டிட்டுத்தானேய்யா வரேன்" என்றேன். சபையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்த ஐந்து நிமிடத்தில் மூன்றிலேயே முடித்து, "மீதி நேரத்தை அவைக்குத் திருப்பித் தருகிறேன்" என்று எல்லோரும் சொல்கிற மாதிரி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்புங்கள். நீங்கள் போட்ட வெள்ளரி ஊறுகாயும் ஒரு பாட்டில். இங்கே தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை.

ஓட்டெடுப்பு மணி அடிக்கிறது, ஓட வேண்டும். நவம்பர் தேர்தலில் நான் நிற்கவில்லை, கட்சியிடம் சொல்லிவிட்டேன். மீதி நேரத்தை உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

உங்கள் மனைவி
லோயிஸ்