வேப்பிலை இறங்கும் வரை

என் பாக்கியம் அண்ணிக்கு,

பாஸ், அண்ணி! பாஸ்! இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற எல்லாம். போன வாரம் ஒரு பின்னேரம் பலாங்கொடை பஸ் நிலையத்தில் நிற்கும்போது போனுக்கு மின்னஞ்சல் வந்தது. வாசித்துவிட்டு "அய்யோ ஆண்டவரே!" என்று நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் பயந்துபோய், "மொகத நோனா, பர்ஸ் எக நெத்தி வுணாத?" என்று ஓடி வந்தான். பர்ஸ் தொலையவில்லை தம்பி, பட்டம் கிடைத்திருக்கிறது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். நாற்பத்திரண்டு வயதில், கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு நிற்கிறவளுக்கு என்ன பட்டம் என்று யோசித்திருப்பான்.

முதுகலைப் பட்டம், அண்ணி. பேரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: பண்பாட்டிடைக் கல்வியும் கிறிஸ்தவ அருட்பணியும். "அப்பிடின்னா என்னா புள்ள?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு சனத்துக்குள் பிறந்தவள் இன்னொரு சனத்தின் வாசலில் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தருகிற படிப்பு. நீங்கள் எங்களை விட்டுப் போன மறு வருஷம் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கொழும்பு பஸ், ஞாயிறு பின்னேரம் திரும்பி வருகிற பஸ். திங்கட்கிழமை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் எத்தனை தரம் கொட்டாவி விட்டேன் என்று அவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

முதல் மாதமே எங்கள் மேடம் ஒரு வேலை கொடுத்தார். இன்னொருவருடைய வழக்கத்தைத் தெரியாமல் மிதித்த ஒரு நாளைப் பற்றி எழுதி வாருங்கள் என்றார். வகுப்பில் இருந்த பாஸ்டர்மார் எல்லாம் கொரியா போன கதை, இந்தியா போன கதை எழுதினார்கள். நான் எங்கேயும் போனதில்லை. நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்குப் போன கதையை எழுதினேன்.

எந்தக் கதை என்று உங்களுக்குத் தெரியும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு. எனக்குப் பத்தொன்பது வயது. கரோல் பார்ட்டிக்கு நான்தான் தலைவி, தோளில் டோலக். நீங்கள் எங்கள் அண்ணனைக் கட்டி, ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தீர்கள். மேல் டிவிசன் உங்கள் பிறந்த இடம். உங்கள் சொந்த அக்கா காமாட்சியின் ஒற்றை அறைக் காம்பிரா வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. நீங்கள் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தீர்கள்.

"ஸ்டெல்லா, வேணாம் புள்ள. தேவிகாவுக்கு அம்மை போட்டிருக்கு. வேப்பிலை கட்டுன வீட்டுக்குள்ள வெளியாளு போகக்கூடாது, சத்தமும் போடக்கூடாது. வா, அடுத்த வீட்டுக்குப் போவோம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமே? "நோய் இருக்கிற வீட்லதான் அண்ணி சத்தமா பாடணும்!" கையை உதறிவிட்டு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் பதினான்கு பேர், செருப்புக் காலோடு. என் டோலக் இடித்து வேப்பிலை அறுந்து விழுந்தது. யாரோ அதன்மேல் ஏறி நின்று பாடினார்கள். அக்காவின் ஐந்து வயதுப் பிள்ளை, வேப்பிலைமேல் படுத்துக் கிடந்த தேவிகா, கொட்டுச் சத்தத்துக்கு வீரிட்டு அழுதாள்.

காமாட்சி அக்கா என்னைத் திட்டவில்லை. வாசலில் நின்ற உங்களைப் பார்த்து, "நீதான் கூட்டிட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் இல்லை என்றும் சொல்லவில்லை, இவள்தான் கேட்காமல் புகுந்தாள் என்றும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கொழுத்த திமிர் எனக்கு.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நாளில், முதல் செம்பை வீட்டுக்காரியின் தங்கச்சி ஊற்ற வேண்டும் என்பது உங்கள் குடும்ப வழக்கம். உங்களைக் கூப்பிட ஆள் வரவில்லை. தேவிகா வயதுக்கு வந்தபோதும் வரவில்லை. கீழ் டிவிசனில் நீங்கள் துணி அலசிக்கொண்டே, மேலே கட்டிய ஒலிபெருக்கியில் வந்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கலியாணத்துக்கும் அதே கதைதான். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாமே அண்ணி, ஏன் திட்டவில்லை? ஒரே ஒரு தரம், "நீயும் வாறியா, அக்காவ ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்" என்று கேட்டீர்கள். தவணைப் பரீட்சை இருக்கிறது என்றேன். அடுத்த தவணைக்குள் நீங்கள் படுக்கையில் விழுந்துவிட்டீர்கள். உங்கள் சாவுக்குக் காமாட்சி அக்கா வந்தார். ஓரமாக நின்றார், கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். மேடம் கூப்பிட்டு, "உங்கள் ஆய்வு இதுதான்" என்றார். இது எங்கள் குடும்பத்து வெட்கம் மேடம், இதை எப்படிப் புத்தகமாகக் கட்டுவது என்றேன். அவர் விடவில்லை. "இது உங்கள் பக்கத்துக் கதை மட்டும்தான். அந்த வீட்டு ஆட்கள் பேசாவிட்டால் இது ஆய்வே இல்லை. போய்க் கேளுங்கள்."

அவர் கேட்டது பேட்டி. எனக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று அங்கே கிடந்தது. அன்றைக்கு நீங்கள் கூட்டி வரவில்லை, தடுத்தீர்கள் என்று காமாட்சி அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எனக்கு எந்தப் பட்டமும் வேண்டாம் என்று அந்த வாரமே முடிவு பண்ணினேன்.

நோட்டுப் புத்தகம், பேனா, பதிவு பண்ண போன் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மேல் டிவிசனுக்கு ஏறினேன். ஆய்வைக் கொடுக்க ஐந்து வாரம்தான் இருந்தது. காமாட்சி அக்கா வீட்டு வாசலைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது.

வேப்பிலை, அண்ணி! பச்சைப் பசேல் என்று, அதே வாசலில்! பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். தேவிகாவின் மூத்த பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் காட்டி மருந்தும் கொடுக்கிறார்களாம்.

சத்தம் போடாமல் திரும்பிக் கடைக்கு இறங்கினேன். இரண்டு தெம்பிலி வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். செவ்விளநீர் அம்மைச் சூட்டுக்கு நல்லதென்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். படிக்குக் கீழே வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் வந்துவிட்டேன். மூன்று நாளைக்கு ஒரு தரம் இதே வேலை. கடைக்காரர் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் மூத்ததுக்கு இறங்கியது. அப்பாடா என்று போனால் புதுக் கொத்துத் தொங்குகிறது. சின்னதுக்குப் போட்டுவிட்டது! நடு ரோட்டில் நின்று சிரித்தேன். வேறென்ன செய்ய?

மேடம் போனில் கேட்டார், பேட்டி முடிந்ததா என்று. "இல்ல மேடம். வேப்பிலை இன்னும் எறக்கல்ல" என்றேன். தமிழில் சொல்லிவிட்டு, கொஹொம்ப இலை என்று சிங்களத்திலும் சொன்னேன்.

"அனே, தெய்யன்கே லெட!" என்றார். கேகாலைக்காரர் அவர். அவர்கள் ஊரிலும் அதைத் தெய்வத்தின் நோய் என்றுதான் சொல்வார்களாம், வேப்பிலை கட்டுவார்களாம். "போக வேண்டாம் ஸ்டெல்லா. ஆனால் தவணையைத் தள்ளிப்போட எனக்கு அதிகாரம் இல்லை. இந்த வருஷத்தை இழப்பீர்கள்."

இழந்தேன். என்னோடு படித்தவர்கள் கறுப்பு அங்கி போட்டுப் பிடித்த படங்களைப் பிறகு போனில்தான் பார்த்தேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த முறை என் டோலக் யார் வாசலையும் இடிக்கவில்லை அண்ணி, அதை நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

தவணை முடிந்த நாலாம் நாள் பள்ளிக்கூட வாசலில் காமாட்சி அக்கா வந்து நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே உங்கள் குரல்.

"தெம்பிலி வச்சிட்டு ஓடுறது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு மூணாந் தண்ணி. பாக்கியம் இருந்தா அவதான் மொதச் செம்பு ஊத்தணும். அவ எடத்துல நீ வா."

"அக்கா, நான் வேதக்காரி" என்றேன்.

"அவளும் வேதக்காரிதானே? வருவியா, மாட்டியா?"

போனேன். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். சின்னது ஒரு பலகையில் குந்தியிருந்தது. முதல் செம்பை ஊற்றினேன். பாதித் தண்ணீர் என் சேலையில்தான் கொட்டியது. தேவிகா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அந்தக் கரோல் ஞாபகமே இல்லையாம்!

பிள்ளைக்குத் தலை துவட்டியதும் சொல்லிவிட்டேன். நோட்டும் இல்லை, போனும் இல்லை. "அக்கா, அன்னைக்குப் பாக்கியம் அண்ணி கூட்டிட்டு வரல்ல. என் கையப் புடிச்சித் தடுத்தாங்க. நான்தான் கேக்காம உள்ள வந்தேன்."

காமாட்சி அக்கா செம்பைக் கீழே வைத்தார். "இத சொல்ல இவ்வளவு வருசமா ஒனக்கு?" என்றார். பிறகு, "அவ ஏன் சொல்லல்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாவி. நான் அவளத் திட்டிக்கிட்டே இருந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பேட்டி அடுத்த வாரம்தான் நடந்தது. மூன்று மணி நேரம் பேசினார். என்னை நாலு தரம் திட்டினார். அதையும் அப்படியே ஆய்வில் எழுதியிருக்கிறேன்.

வாய்மொழிப் பரீட்சையில் ஒரு வயதான பரீட்சகர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "அம்மன் பெயரில் வைத்த தண்ணீரை ஊற்றினீர்களே, உங்கள் விசுவாசம் என்ன ஆனது?" என்று கேட்டார். "சேர், நான் ஊத்தும்போது இயேசுவேன்னு சொன்னேன். அக்கா மாரியாத்தான்னு சொன்னாங்க. புள்ள, குளிருதுன்னு சொல்லிச்சு" என்றேன். மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். பரீட்சகர் விடாமல் கேட்டார், நானும் விடாமல் பதில் சொன்னேன். சில கேள்விக்கு எனக்குத் தெரியாது என்றே சொன்னேன். நம் சபையிலும் இதை இன்னும் முணுமுணுக்கிறார்கள். நான் செய்தது சரியா அண்ணி? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அடுத்த மாதம் பட்டமளிப்பு. விருந்தினருக்கு இரண்டு சீட்டு. ஒன்று அண்ணனுக்கு. புதுச் சப்பாத்து வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகுகிறார். நீங்கள் இல்லாவிட்டாலும் மற்றது உங்களுக்கு என்று ஆரம்பத்திலேயே நினைத்தது. அதைக் காமாட்சி அக்காவுக்குக் கொடுத்தேன். "கொழும்புல நான் என்னா பண்ணப்போறேன்?" என்றார், சீட்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

இந்த நத்தாருக்குக் கரோல் பார்ட்டியை மறுபடி நான்தான் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசைக்கும் முன்னால் போய் வாசல்களைப் பார்த்து வருகிற வேலை என்னுடையது. வேப்பிலை தொங்கினால் பாட்டும் இல்லை, கொட்டும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப்போவோம். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டம் வாங்கிய மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் உங்கள் கல்லறைக்கு வருகிறோம். சாவு வீட்டில் குடிக்காமல் போன தேத்தண்ணியை அங்கே வந்து குடிப்பாராம் காமாட்சி அக்கா. பிளாஸ்க் அவர் கொண்டுவருகிறார். கப் எத்தனை எடுக்க என்று கேட்டேன்.

"இது என்னா கேள்வி? மூணு" என்றார்.

அன்றைக்கு உங்கள் கையை உதறிய,
உங்கள் நாத்தனா
ஸ்டெல்லா