பூசானுக்கு வரும் கப்பல்

குவாங்ஜு, 26 மே 1980

அம்மாவுக்கு சுன்-ஓக்கின் வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நலம். இரவில் வெளிச்சம் கூடாது என்கிறார்கள். மெழுகுவர்த்தியை மறைத்து எழுதுகிறேன்.

ஜனநாயகம் கேட்டவர்களைச் சுட்ட ராணுவம் இப்போது ஊரைச் சுற்றி நிற்கிறது. பூசான் துறைமுகத்துக்கு அமெரிக்கப் போர்க்கப்பல் வருகிறது என்றதும் வீட்டுக்கார அம்மா சின்னப்பிள்ளைபோல் கைதட்டினார்.

"பாருடி, ஜனநாயகம்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவங்க, நம்மளச் சாக விடுவாங்களா?"

அவர் மகன் சிரித்தான். "அட போம்மா! நம்ம மேல பட்டாளத்த அனுப்ப, தளபதிங்களுக்குத் தலையாட்டினதே அவங்கதான். கப்பல் வட கொரியாவ மிரட்ட வருது, உன்னக் காப்பாத்த இல்ல."

வீட்டுக்கார அம்மா எழுந்து என் அறைக்கு வந்தார். என் பஞ்சுப் போர்வையை எடுத்து ஜன்னலில் கட்டினார். குண்டு அதில் நின்றுவிடுமாம்.

விடிந்ததும் மலைவழியே நம் ஊருக்கு வரும் பக்கத்து அறை அக்காவிடம் இதைத் தருகிறேன். யாரோ எழுந்துவிட்டார்கள், முடிக்கிறேன். இன்னொரு பஞ்சுப் போர்வை இருந்தால் கொடுத்தனுப்புங்கள் அம்மா. என் அறைக்கு இரண்டு ஜன்னல்கள்.