குரும்பகரத்து மூன்று மா

குரும்பகரம்
துர்முகி வருஷம், ஆனி 20

அன்புள்ள மகள் தையல்நாயகிக்கு உன் அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், சைகோனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உன் கறவை மாடுகளும் அதேபோல் இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறோம். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன், வேறு யாரும் எழுதவில்லை. பாலகுரு வாத்தியார் நடத்தும் முதியோர் வகுப்பில் பத்து மாதமாகப் படிக்கிறேன். அவர் நன்றாக இருக்க வேண்டும், அறுபத்துமூன்று வயதில் என் விரலைப் பிடித்து அ போட்டுக் காட்டினார், ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. இதற்கு முன் நான் பத்து வார்த்தை சொன்னால் எழுதுகிறவர்கள் மூன்றைத்தான் எழுதுவார்கள், இப்போது பத்தையும் எழுதலாம். ஆனால் எழுத உட்கார்ந்து இது நாலாவது நாள். நீ ஒரு கடிதம் முடிப்பதற்குள் நான் ஒரு மா நிலத்தை நட்டு முடித்துவிடுவேன் என்கிறாள் உன் அம்மா. அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

எதற்காக நிலத்தைக் கிரயத்துக்கு வாங்க வேண்டும், குத்தகைக்கு எடுத்தால் போதாதா என்று கேட்டிருந்தாய், கேட்டுவிட்டும் நான் ஆசைப்பட்டேன் என்று பணத்தை அனுப்பிவைத்தாய். நீ அனுப்பிய ஆயிரத்து நூறு ரூபாயும் என்னிடம் இருந்ததும் எருமை விற்றதும் சேர்ந்து ஆயிரத்து அறுநூற்று நாற்பது ஆயிற்று. விளைச்சலில் பங்கு கொடுத்து நாம் வாரத்துக்கு உழும் ஆறு மாவும் காரைக்கால் காதர் பாட்சா ராவுத்தருடையது என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை பட்டணத்துக்காரர், மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர் என்று அவருக்குச் சொல். ராவுத்தர் போன பிறகு அவர் சம்சாரம் ஆஸியா பீவிதான் எல்லாம் பார்க்கிறார்கள். மகள் மெஹர் பானுவுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் நிலத்தை விற்கிறார்கள் என்று பேச்சு வந்தது. திருநள்ளாற்றில் சத்திரம் வைத்திருக்கும் பஞ்சநாதன் மாவுக்கு எழுநூறு ரூபாய் தருகிறேன், தந்தால் ஆறும் சேர்த்துத் தர வேண்டும், பணம் மூன்று தவணையில் என்றாராம். ஆறு மாவுக்கு நாலாயிரத்து இருநூறு, நான் எங்கே போவேன். அவர் வாங்கினால் சொந்த ஆளை வைத்து உழுவார், முப்பத்தொரு வருஷமாக நான் கால் வைத்த சேற்றில் அதற்குப் பிறகு கால் வைக்க முடியாது. அந்த வாரம் முழுதும் உன் அம்மாவும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை, உனக்கு இதை அப்போது எழுதவும் இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

தவணைப் பேச்சு பீவிக்குப் பிடிக்காததால், முடிவாகும் வரை ஒரு வருஷத்துக்கு மட்டும் ஆறு மாவையும் குத்தகைக்கு உழுதுகொள்ளச் சொன்னார்கள். மாவுக்கு ஐந்து கலம், விளைந்தாலும் விளையாவிட்டாலும் முப்பது கலம் அளந்துவிட வேண்டும். நல்ல வருஷத்தில் மாவுக்கு எட்டுக் கலம் காணும், மூன்று நமக்கு நிற்கும். வெள்ளம் வந்தால் நம் குதிரிலிருந்து எடுத்து அளக்க வேண்டும். வேறு வழி இல்லாமல் சரி என்று போன வியாழக்கிழமை காரைக்காலுக்குப் போனேன். பீவி திரைக்குப் பின்னால் இருந்தார்கள், அவர்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளை சுப்பையன் எழுதி வைத்திருந்த பத்திரத்தை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்து, கட்டை விரலைக் கொடும் என்றார். நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படித்துக்கொண்டே வந்தேன், நாலாவது வரியில் விரலை வைத்துத் திரும்பவும் எழுத்துக் கூட்டினேன். குரும்பகரம் நன்செய் நிலம் மாசு என்று எழுதியிருந்தது. நிலத்தில் மாசு இருக்கிறதென்றால் ஏதோ வில்லங்கம், பஞ்சநாதனிடம் முன்பணம் வாங்கியாயிற்று போல என்று நினைத்து, மாசுள்ள நிலத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று கேட்டுவிட்டேன். சுப்பையன் முதலில் முழித்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது மாசு இல்லையாம், மா ஆறு. பழைய கணக்கில் ஆறு என்ற எண்ணை சு மாதிரித்தான் போடுவார்களாம். பாலகுரு வாத்தியார் எங்களுக்கு 1, 2, 3 என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார், எழுத்தே எண்ணாகவும் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

சிரித்ததோடு அவர் விடவில்லை. "குத்தகைக்கு எடுக்கிறவருக்கு மாசு இருந்தா என்ன, தூசு இருந்தா என்ன? நெலத்த நீரா வாங்கப் போறீரு?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் என் மகள் வாங்குவாள், சைகோனில் வீடு வீடாகப் பால் ஊற்றி அதற்கென்றே ஆயிரத்து நூறு ரூபாய் அனுப்பியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். திரைக்குப் பின்னால் இருந்து பீவி, இப்போது மொத்தம் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னேன். ஆறு மாவுக்குப் போதாது, அதனால் வாய் திறக்கவில்லை, உழவு மாடு வாங்கலாம் என்று வைத்திருக்கிறேன் என்றேன். பிறகு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாதியக் குடுக்க மாட்டேன்னு நான் யாருகிட்ட சொன்னேன் அண்ணே? ஆறும் வேணும்னது அவரு. நீங்க கேக்கவே இல்லியே."

கேட்டிருக்கலாம் அம்மா. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வீட்டில் விதை நெல் கேட்டிருக்கிறேன், நிலத்தைக் கேட்க வாய் வந்ததில்லை. பீவி மாவுக்கு ஐந்நூறு என்று சொன்னார்கள். கையில் ரொக்கமாக வருகிறது, கல்யாணச் செலவுக்கு ஆகும், உழுதவருக்கும் புதிதாக வந்தவருக்கும் ஒரே விலையா என்றார்கள். மூன்று மாவை ஆயிரத்து ஐந்நூறுக்கு நமக்கே கொடுத்துவிட்டார்கள். மீதி மூன்றை விற்கப் போவதில்லை, நானே குத்தகைக்கு உழ வேண்டும், ராவுத்தர் இருந்தபோது புயல் வருஷத்தில் ஒரு மரக்கால்கூட வாங்கவில்லை, அதனால் வெள்ளம் வந்தால் குத்தகை கிடையாது என்றும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். சுப்பையன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினார். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவர் கேலி பண்ணாவிட்டால் எனக்கு அந்தப் பேச்சு வந்திருக்காது. திங்கட்கிழமை பத்திர அதிகாரி நொத்தேரிடம் பதிவாயிற்று. பதிவு, எழுத்துக்கூலி எல்லாம் போக நாற்பத்தாறு ரூபாய் மிச்சம், விதைக்கும் எருவுக்கும் வைத்திருக்கிறேன். உன் கேள்விக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலம் ஏழு ரூபாய் என்றால் ஒரு மாவுக்குக் குத்தகை வருஷத்துக்கு முப்பத்தைந்து ரூபாய், ஐந்நூறு என்பது பதினாலு வருஷக் குத்தகை. பதினாலு வருஷம் நான் இருப்பேனோ என்னவோ, அதற்குப் பிறகு உன் பிள்ளைகளுக்குச் சர்க்கார் தீர்வை மட்டும்தான். இத்தனையும் நீ விடிகாலையில் எழுந்து பால் கறந்த கையால் வந்தது, அதை நினைத்தால் எனக்கு எழுத்து கோணிக்கொண்டு போகிறது. மெஹர் பானு கல்யாணத்துக்கு ஒரு வண்டி வாழை இலையும் பூசணியும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே ஊர் கலவரமாக இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள், பால் ஊற்றிவிட்டு வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடு. மாப்பிள்ளையை மழையில் நனைய விடாதே. பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று எழுது. பிள்ளைகள் மூவரையும் உன் அம்மா ஆசீர்வதிக்கிறாள், நானும் திருநள்ளாற்றுச் சாமியை வேண்டி உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பாலும் கேட்கிறேன்.

மறக்காமல் ஒன்று. கிரயம் உன் பெயரில் ஆகியிருக்கிறது. பீவியின் மூன்று மாவில் மாவுக்கு ஐந்து கலம் அளக்கப் போகிறேன், உன் மூன்று மாவையும் நான்தான் உழுகிறேன், அதற்கு எவ்வளவு என்று நீ இன்னும் சொல்லவில்லை. அப்பா என்று குறைத்துக் கேட்காதே. ஆடியில் தண்ணீர் வந்துவிடும், அதற்கு முன் குத்தகையை முடிவு பண்ணி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பாவும் உன் குத்தகைக்காரனும் ஆகிய
வைத்தியலிங்கம்