புகை விடாத லோடர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே மேனேஜர் குவாரியில் எல்லாரையும் கூட்டிவிட்டார். கல் அள்ளும் லோடர் வண்டி, கரண்ட்டில் ஓடுவது ஒன்று, சோதனைக்கு வருகிறதாம். பெரிய பாலத்துக்குக் கல் கேட்டிருக்கும் கம்பெனி, கரிப்புகையைக் குறைக்கிற குவாரிக்குத்தான் வேலை கொடுக்குமாம். "யார் ஓட்டறீங்க?" என்றார். ஆம்பளைகள் எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள். டீசல் லோடர் ஓட்டுகிற என் கை தானாக மேலே போய்விட்டது. இறக்கலாமா என்று யோசிப்பதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

வீட்டில் இவர் முகம் தொங்கிப்போச்சு. அதே குவாரியில் டீசல் மெக்கானிக். அவர் பெண்டாட்டி கரண்ட் வண்டி ஓட்டினால்? "என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட உனக்கு லோடர் வேற வேணுமா?" கோபத்திலும் நல்லாத்தான் பேசுகிறார். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 4, புதன்

பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால் மகளிடம் கேட்கிறார். உப்பு இருப்பது என் கைப்பக்கம்.

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டது! கூடவே ஓர் இன்ஜினியர் பெண். பொறுமைசாலி. இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "கரண்ட்டு மட்டும் என்ன, வானத்துலேருந்தா குதிக்குது?"

அவள் கல் உடைக்கும் கிரஷர் ஷெட் கூரையில் புதிதாகப் போட்டிருக்கும் சோலார் தகடுகளைக் காட்டினாள். "பாதி வானத்துலேருந்துதான் அண்ணா. மீதி லைன் கரண்ட். அதுலயும் கரி இருக்கு, ஆனா டீசல் அளவுக்கு இல்ல."

இவர் காதைச் சொறிந்துகொண்டார்.

வண்டி ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. டீசல் வண்டியில் யார் காதிலும் விழாது என்று நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டே ஓட்டுவேன். பழக்கதோஷம். சாயங்காலம் பார்த்தால் லாரிக்காரர்கள் எல்லாரும் என் பாட்டையே முணுமுணுக்கிறார்கள். அப்படியென்றால்... மேனேஜரைத் திட்டியதும் கேட்டிருக்குமோ?

மார்ச் 10, செவ்வாய்

கேட்டிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

மானம் போச்சு. கீழ்க்குழியிலிருந்து சுமையோடு கிரஷருக்கு ஏறும்போது பாதி மேட்டில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. பின்னாடி லாரி வரிசை. ஒரே ஹாரன். அழுகை வந்துச்சு, ஆனா அழல. (கொஞ்சம் அழுதேன். யார் படிக்கப் போறாங்க?) டீசல் லோடரை வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலி மாட்டியது இவர்தான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் ரொம்பக் குத்தியது.

"அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்போம். இல்லைன்னா திருப்பி அனுப்பிடலாம்," என்றார் மேனேஜர். அனுப்பிவிட்டால் பாலத்து வேலையும் அதன் பின்னாலேயே போய்விடும். குவாரியில் பாதிப் பேருக்கு அப்புறம் என்ன வேலை?

மார்ச் 13, வெள்ளி

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இறக்கத்துல பிரேக் பிடிச்சா பேட்டரிக்குக் கரண்ட் திரும்ப ஏறும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல?"

"ஆமா."

"அப்ப எதுக்குச் சுமையோட ஏறுற? மேல்தட்டுல கல்லை அள்ளிக்கிட்டு கிரஷருக்கு இறங்கு. திரும்பும்போது காலியா ஏறு."

வாயிலிருந்த சோற்றை மெல்ல மறந்துவிட்டேன். "உங்களுக்கு எப்பலேருந்துங்க அந்த வண்டி மேல அக்கறை?"

"வண்டி மேல இல்ல. நீ நடுமேட்டுல நின்னது எனக்குப் பிடிக்கல."

உப்பை என்னிடமே கேட்டார்.

மார்ச் 16, திங்கள்

இவர் யோசனையைச் சொன்னதும் இன்ஜினியர் பெண் துள்ளினாள். "அக்கா, இதைத்தான் நான் முதல் நாளே மேனேஜர்கிட்ட கேட்டேன். தடத்தை மாத்த முடியாதுன்னுட்டார்." இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வண்டியில உக்காந்து நீங்க என்னைத் திட்டுறதைக் கேக்குறதுக்கு, இப்பவே சரின்னுடறேன்."

மார்ச் 20, வெள்ளி

ஷிப்ட் முடியும்வரை ஓடியது. சார்ஜ் மிச்சம்! இறங்க இறங்க ஏறுகிறது, பார்க்கவே குஷியாக இருக்கிறது. கல் அள்ளும் வாளியைத் தூக்குகிற ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் கசிந்தது ஒன்றுதான் குறை. இவரைக் கூப்பிட்டேன். அடியில் படுத்துப் பார்த்தவர், "ஏய், இதுலயும் ஹைட்ராலிக்தான்! கிரீஸும் இருக்கு!" என்று கத்தினார். காணாமல்போன மச்சானைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம்.

ஏப்ரல் 2, வியாழன்

பாலத்து வேலை எங்களுக்கே! இன்னும் இரண்டு கரண்ட் லோடர் வாங்கப்போகிறார்கள். பேட்டரி வேலை படிக்க ஒரு மெக்கானிக்கை இரண்டு வாரம் வெளியூர் அனுப்ப வேண்டும். போகமாட்டேன் என்று இவர் ஒரே முரண்டு. "ஏம்ப்பா, பரீட்சைன்னா பயமா?" என்றாள் மகள்.

பெட்டி கட்டியாகிவிட்டது.

ஏப்ரல் 23, வியாழன்

மேல்தட்டில் கல் அள்ளிக்கொண்டிருந்தேன். கீழே பெரிய கூச்சல். டீசல் லோடர்காரர் வண்டியை அணைக்காமலே இறங்கிக் கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். "சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா இன்ஜின் ஓடுது? டீசலும் தண்டம், ஊர் பூரா புகை! முதல்ல ஆஃப் பண்ணு!"

மேனேஜர்தான் என்று எட்டிப் பார்த்தேன்.

மேனேஜர் இல்லை. இவர்.